பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்த காடு

1

வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. தெரியாத்தனமாக யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் மறுபடி வாசல் படலையைத் தாண்ட வேண்டும். மிஞ்சிப் போனால் "தூரமோ?" என்று கேட்கலாம். அதற்கும் "ஓம், கொஞ்சத் தூரம்" என்பதற்கு மேல் பதில் வராது.

நோர்வேக்காரர் இதற்கு நேர் எதிர். காட்டுக்கோ மலைக்கோ போகிறவர் எங்கே போகிறார், எந்த வழியால் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒவ்வொருவரும் தங்கள் சனி ஞாயிறை விபரமாக ஒப்புவிப்பார்கள். எந்த ஏரி, எந்தப் பக்கத்துப் பாதை, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம். இவ்வளவையும் ஏன் எனக்குச் சொல்கிறார்கள் என்று நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். இந்த நாட்டில் இருந்த முப்பத்துச் சொச்ச வருடமும் சிரித்தேன்.

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. நாளையோடு ஒரு வருடம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் படித்து முடித்து வேலையோடு மேற்குக் கரைப் பக்கம் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் வீடியோவில் வருவான். இளையவள் மதுரா. ஒஸ்லோவின் விளிம்பில், ரொம்சோஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே இருக்கிறாள். மருந்தாளர் படிப்பில் இரண்டு வருடம் போனவள், மூன்றாம் வருடம் அதை விட்டுவிட்டு உயிரியலுக்கு மாறினாள். சரி, உயிரியலும் படிப்புத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பார்த்தால், வெட்டப் போகிற காடுகளில் என்னென்ன பறவை இருக்கிறது என்று பதிவதற்குச் சம்பளமில்லாமல் ஓடித் திரிகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அதிலும் அவளுக்கு ஒரு பறவைதான் பைத்தியம்.

நோர்வேஜிய மொழியில் அதற்கு லாவ்ஸ்க்ரீக்க என்று பெயர். காகக் குடும்பம்தான், ஆனால் சின்னது. மைனாவை விடப் பெரிது, காகத்தை விடச் சிறிது. உடம்பு மண்ணும் சாம்பலும் கலந்த நிறம், சிறகிலும் வாலிலும் இரும்புக் கறள் நிறம். வடக்கே ஊசியிலைக் காடுகளில், அதுவும் கோடரி படாத பழைய காடுகளில்தான் வாழும். கிளைகளில் தாடிபோலத் தொங்கும் பாசிக்குள்ளும் பட்டைக்குள்ளும் இறைச்சித் துண்டையும் பழத்தையும் எச்சிலால் ஒட்டி ஒளித்து வைத்துவிட்டு, பனிக்காலம் முழுவதும் ஒன்றொன்றாகத் தேடி எடுத்துத் தின்னும். ஆளைக் கண்டால் பயப்படாது. வடக்கில் சிலர் அதை அதிர்ஷ்டப் பறவை என்கிறார்களாம். படித்தவர்கள் வைத்த லத்தீன் பெயருக்கோ அபசகுனம் என்று அர்த்தமாம். மதுரா இதைச் சொன்னபோது, பாவம், ஊரில் ஆந்தையைப் போல உனக்கும் இதுதான் கதியா என்று அந்தப் பறவை மேல் எனக்கு ஒரு சின்ன அனுதாபம் வந்தது உண்மை.

அதை முதல் முதல் அவளுக்குக் காட்டியவன் நான்தான். அவளுக்கு ஏழு வயது. என்னோடு வேலை செய்த ஊலா என்ற மனிதர் காட்டுக்குள் இருந்த தன் மரக்குடிலின் சாவியை இரண்டு நாளுக்குத் தந்தார். ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வடக்கே. ஒரு கடதாசியில் வழியைக் கீறியும் தந்தார். என் மனைவி வசந்தி மட்டன் றோல்ஸ் பொரித்துக் கட்டித் தந்தாள். குடிலுக்குப் பின்னால் ஒரு பாறையில் இருந்து நாங்கள் அதைத் தின்றபோது அந்தப் பறவை சத்தமில்லாமல் வந்து, என் கையில் இருந்த றோல்ஸிலேயே ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அது மறுபடி வரட்டும் என்று நான் கையை நீட்டியபடியே இருந்தேன், மதுரா மூச்சு விடாமல் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன?"

"காகம்."

"இந்தக் கலரிலயோ?"

"நோர்வேக் காகம் இப்பிடித்தான்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தகப்பன்மாருக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை. அது என்ன பறவை என்று அவளே பிறகு கண்டுபிடித்தாள்.

இனி எங்களுக்குள் சண்டை மூட்டிய கடதாசிக்கு வருகிறேன். சென்ற வருடம் செப்டெம்பர் கடைசியில் மதுரா என் முன்னால் நாலு பக்கப் படிவம் ஒன்றை வைத்தாள். ஊலாவின் குடில் இருந்த அதே காட்டைத் துப்பரவாக வெட்டப் போகிறார்களாம். அங்கே லாவ்ஸ்க்ரீக்க இருப்பதாக எந்தப் பதிவும் இல்லையாம். ஏழு வயதுப் பிள்ளையின் ஞாபகத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆனால் பெரிய ஆள் ஒருவர் கண்டதாகக் கையெழுத்து வைத்தால் ஒரு தரம் போய்ப் பார்க்கவாவது செய்வார்கள் என்றாள்.

"நீங்கள் கண்டனீங்கள்தானே அப்பா. உங்கட கையில இருந்துதானே எடுத்தது. சாட்சியா ஒரு கையெழுத்து."

சாட்சி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் கதவுகள் ஒன்றொன்றாகச் சாத்திக்கொண்டன. வாங்கி வாசிக்கக்கூட இல்லை.

"நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்க மாட்டன். காட்டை வெட்டுறவன் வெட்டட்டும், உனக்கென்ன? படிப்பை விட்டிட்டு குருவிக்கு வழக்குப் பேசுறாய்."

அவள் கத்தவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "லாவ்ஸ்க்ரீக்கயில தாய் தகப்பன் பருந்தைக் கண்டா, பக்கத்தில தங்கட பிள்ளை நிண்டாத்தான் சத்தம் போட்டு எச்சரிக்கும். வேற குஞ்சு நிண்டா வாயைத் திறக்காதுகள். நீங்கள் எனக்கு எப்ப வாயைத் திறந்தனீங்கள்?"

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நானும் அவளோடு பேசவில்லை. படிவத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் கடதாசிக் குப்பைப் பையில் போட்டேன். மூன்று வாரம் கழித்து வசந்தி தங்கை மகளின் கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போனாள். வீட்டில் நானும் மதுராவும் மட்டும். ஒரே சமையலறையில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினோம்.

3

அந்தச் சனிக்கிழமை காலை ஆறரை மணி. வெளியே கும்மிருட்டு, இரவு பெய்த மழை உறைந்து வழுக்கிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குக் கிளம்பச் சப்பாத்தைத் தேடினேன். மதுரா முதுகுப்பையைப் போட்டுக்கொண்டு கதவடியில் குனிந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிந்த பிறகும் உடனே எழும்பவில்லை. முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

நான் கேட்கவில்லை. எங்கே என்று வாய் வரை வந்தது. போகிற பிள்ளையைக் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த வழக்கம் அன்று என் வீம்புக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். கதவு சாத்திய சத்தம் கேட்டது. கார்ச் சாவி மேசையில் கிடந்தது. அதை என்னிடம் கேட்க விரும்பாமல் பஸ்ஸில் போகிறாள் என்று விளங்கியது. போகட்டும் என்று இருந்தேன்.

வேலையிடத்தில் கைத்தொலைபேசி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். மூன்று மணிக்கு வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு ஐம்பதுக்கு மதுராவிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்று. ஆறு வாரத்தில் முதல் தரம்.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்னொரு தரம் போன் எடுக்கட்டும், அப்போது பேசலாம் என்றும் நினைத்தேன். ஒரு தரத்துக்கே ஓடிப்போய்த் திருப்பி எடுத்தால் அப்பனுக்கு என்ன மரியாதை. இந்த மரியாதையைப் பையில் போட்டுக்கொண்டு குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போனேன். முருங்கைக்காய் தெரிந்து எடுத்தேன், மீன் வாங்கினேன், கடைக்காரரோடு ஊர்ப் புதினம் கதைத்தேன். வீடு வந்து சேர ஐந்து மணி. நன்றாக இருட்டிவிட்டது.

வீட்டில் அவள் இல்லை. அப்போதுதான் எடுத்தேன். இந்த எண்ணோடு இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் பதிவு சொன்னது. மறுபடி எடுத்தேன். அதே குரல், அதே நிதானம்.

மீனை உறைபெட்டிக்குள் வைக்கத் திறந்தேன். வசந்தி போகும்போது எனக்காகச் செய்து அடுக்கிவைத்த மட்டன் றோல்ஸ் பெட்டியைக் காணவில்லை. மதுரா இறைச்சி தின்பதை விட்டு நாலு வருடம். அந்தக் குளிரான பெட்டியின் முன் அப்படியே நின்றேன். அவள் எங்கே போயிருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கி என்ன செய்ய? அந்த இடத்தின் பெயர் எனக்குத் தெரியாது. பதினாறு வருடத்துக்கு முன் ஊலா கீறித் தந்த கடதாசியைப் பார்த்துக் கார் ஓட்டியவன் நான். ஒரு ஏரி, ஒரு சிவப்புத் தடைக்கம்பம், மண் பாதை. இந்த நாட்டில் ஏரியும் தடைக்கம்பமும் இல்லாத காடு எது? ஊலா ஓய்வு பெற்ற மறு வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வசந்தி யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தாள். பின்னால் கலியாண வீட்டுச் சத்தம்.

"சாப்பிட்டியளோ? பிள்ளை எங்கை?"

"இஞ்சைதான். அறைக்குள்ள படிக்கிறாள்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

4

பொலிசுக்கு எடுத்தேன். ஒரு பெண் பேசினார். அன்பாக, அவசரப்படாமல் பேசினார். அந்த நிதானம் எனக்குப் பயத்தைத்தான் கூட்டியது.

மகளின் வயது கேட்டார். இருபத்துமூன்று. உயரம்? என் தோள் அளவு என்றேன். உங்கள் உயரம் என்ன என்றார். என்ன நிறத்தில் மேலங்கி போட்டிருந்தாள்? தெரியாது. கதவடியில் இரண்டு நிமிடம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், நிறம் தெரியாது. யாரோடு போனாள்? தெரியாது. நெருங்கிய நண்பர்களின் பெயர்? ஒரு பெயர் வாய்க்குள் வந்தது, அது அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இருந்த பிள்ளை. எந்தப் பாதையால் போவதாகச் சொன்னாள்?

"சொல்லவில்லை."

"நீங்கள் கேட்கவில்லையா?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை, படிவத்தில் அடுத்த கேள்வி அது. இல்லை என்றேன். ஏன் என்று நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது? எங்கள் சனத்தில் போகிற பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் கேட்காமல் இருப்போம் என்று சொன்னால், அந்தப் பெண் என்னை என்னவென்று எழுதுவார்?

இன்னும் ஒன்று நடந்தது. இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். போனில் வெள்ளைக்காரர் நீளமாக ஏதாவது சொன்னால் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "யா, யா" என்பேன். நாங்கள் ஊரில் ஓம் ஓம் கொட்டுவது போலத்தான். அவர் ஏதோ மெதுவாகக் கேட்டார். என் கவனம் கதவில் இருந்தது. யா, யா என்றேன். மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அப்படி அவர் முன்பு சொல்லியிருக்கிறாரா? தன் உயிரை மாய்த்துக்கொள்வதாக?"

இல்லை, இல்லை, நான் சரியாகக் கேட்கவில்லை என்றேன். என் மகள் சாகப் போகவில்லை, ஒரு பறவையைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆறு வாரம் நான் ஒரு வார்த்தை பேசாத பிள்ளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அந்தச் சந்தேகம் வந்த நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கடைசியாக அந்தப் பெண் சொன்னார்: "இடத்தின் பெயர் வேண்டும். வடக்கே காடு பெரிது. வெளியே மைனஸ் ஆறு பாகை. ஏரியின் பெயர், ஒரு வரைபடம், ஏதாவது எழுதிய துண்டு, எது கிடைத்தாலும் உடனே எனக்குப் போன் எடுங்கள்."

எழுதிய துண்டு. நாலு பக்கப் படிவம். அதில் இடம் இல்லாமலா இருக்கும்?

நான் அதைக் குப்பைப் பையில் போட்டு ஆறு வாரம். அந்தப் பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டி எத்தனை தரமோ. இருந்தும் வெறிபிடித்தவன் மாதிரி சமையலறையில் இருந்த பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். விளம்பரம், விளம்பரம், மின்சாரக் கட்டணம். மதுராவின் அறைக்குள் போனேன். மடிக்கணினி பூட்டியிருந்தது. சுவரில் அந்தப் பறவையின் படம், மேசையில் காய்ந்த பாசித் துண்டு. அந்த அறைக்குள் நான் கால் வைத்து எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

இனி வழியில்லை. வசந்திக்கு எடுத்தேன்.

5

"வசந்தி, நான் பொய் சொன்னனான். பிள்ளை வீட்டில இல்லை. காலமை காட்டுக்குப் போனவள். போன் வேலை செய்யேல்லை."

மறுபக்கத்தில் கலியாண வீட்டுச் சத்தம் தூரப் போனது. அவள் எழும்பி வெளியே வந்திருக்க வேண்டும்.

"எங்கை போனவள்?"

"தெரியாது. கேக்கேல்லை. நீதானே சொல்லுறனி, போற பிள்ளையைக் கேக்கக்கூடாது எண்டு."

இந்த நிலைமையிலும் பழியை அவள் தலையில் போடப் பார்த்தேன் பாருங்கள். வசந்தி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"எங்கை போறாய் எண்டு கேக்காதேங்கோ எண்டுதான் சொன்னனான். பிள்ளையோட கதைக்காதேங்கோ எண்டு சொல்லேல்லை."

பழியை விட்டுவிட்டுக் காரியத்துக்கு வந்தேன்.

"அந்தப் படிவம் வேணும் வசந்தி. அவள் கையெழுத்துக்குத் தந்தது. நான் அதை எறிஞ்சிட்டன்."

"தெரியும். நான் எடுத்து வைச்சனான். சாமித் தட்டில, பிள்ளையார் படத்துக்குப் பின்னால."

எங்கள் வீட்டில் எந்த அலுவலகக் கடிதம் வந்தாலும் வசந்தி அதை முதலில் பிள்ளையாருக்குப் பின்னால்தான் செருகுவாள். விசாக் கடிதம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பரீட்சை முடிவு எல்லாம் அங்கேயிருந்துதான் வெளியே வந்தன. நான் கேலி செய்யாத நாள் இல்லை. அன்று படத்தைத் தூக்கிய வேகத்தில் திருநீற்றுத் தட்டு தரையில் கொட்டியது. படிவம் நாலாக மடித்து இருந்தது. ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை. அது நான் போட்ட பையில் பட்டது.

முதல் பக்கத்தில் வரைபடம். ஏரியின் பெயர், பாதை இலக்கம், பாறை இருந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. பொலிஸ் பெண்ணுக்கு எடுத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். அவர் திருப்பி வாசித்தார். "மிகவும் நல்லது" என்றார். அந்த ஊரில் தேடுதல் தொண்டர்கள் இருக்கிறார்கள், இப்போதே புறப்படுவார்கள் என்றார்.

அடுத்த பக்கம் தானாகத் திரும்பியது. அவதானித்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை மதுரா எழுதியிருந்தாள். அவதானித்த விதம் என்ற பெட்டிக்குள்: "என் அப்பாவின் கையிலிருந்து உணவு எடுத்தது. அப்பா அசையாமல் நீண்ட நேரம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கை நொந்திருக்கும்." எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்துக்கான கோடு மட்டும் வெறுமையாக இருந்தது.

கை நொந்தது. நான் யாருக்கும் சொன்னதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

6

காரை எடுத்தேன். வீட்டில் இருங்கள் என்று பொலிசில் சொல்லியிருந்தார்கள், என்னால் இருக்க முடியவில்லை. நெடுஞ்சாலை முடிந்து சின்னப் பாதை வந்ததும் காரின் வெளிச்சம் பட்ட இடம் தவிர எல்லாம் கறுப்பு. வாய்விட்டுத் தேவாரம் சொல்லிப் பார்த்தேன், இரண்டாம் வரி வரவில்லை. அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

சிவப்புத் தடைக்கம்பம் அதே இடத்தில் நின்றது. அதனருகே மூன்று வாகனங்கள். மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெரியவர் என்னை அங்கேயே நிறுத்தினார். தொண்டர்கள் நாயோடு உள்ளே போய் அரை மணி நேரம் ஆகிறது, நீங்கள் காட்டுக்குள் போனால் உங்களையும் தேட வேண்டி வரும் என்றார். தெர்மோஸில் இருந்து கோப்பி ஊற்றித் தந்தார். கோப்பி என் கையில் ஆறியது. அவருடைய வோக்கி டோக்கி கரகரக்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு தரமும் தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினார். அப்படி ஐந்து தரம்.

ஆறாம் தரம் அவர் தலையை ஆட்டவில்லை. என் தோளைப் பிடித்து, "உயிரோடு இருக்கிறாள்" என்றார்.

பாறைக்கு இருநூறு மீற்றர் தள்ளி, ஊலாவின் பூட்டிய குடிலின் கூரை இறவாரத்துக்குக் கீழே இருந்தாளாம். உறைந்த பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து, அங்கே வரை தவழ்ந்து வந்திருக்கிறாள். தூக்குக் கட்டிலில் கொண்டுவந்தபோது முகம் சாம்பல் நிறம், உதடு நடுங்கியது. மேலங்கி நீல நிறம். அதை முதலில் பார்த்தேன். இனி யாராவது கேட்டால் சொல்லலாம் என்று ஒரு முட்டாள் எண்ணம் வந்தது.

என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அப்பா, நீங்கள் எடுக்கேல்லை."

"இல்லை" என்றேன். "மூண்டு மணிக்கே கண்டனான். வீம்பில எடுக்கேல்லை."

தொண்டர் ஒருவர் அவளைச் செல்லமாகக் கண்டித்தார். அவசர இலக்கத்துக்கு அல்லவா எடுத்திருக்க வேண்டும், அவர்கள் இடத்தைக் கண்டுபிடித்திருப்பார்களே என்றார். அவளுக்கும் அது தெரியும். ஒரு மேட்டில் மட்டும் சிக்னல் கிடைத்ததாம், ஒரு அழைப்போடு குளிரில் போன் செத்துவிட்டதாம்.

"மடத்தனம்தான்" என்றாள் என்னிடம் தமிழில். "ஆனா எனக்கு முதல்ல நீங்கள்தான் ஞாபகம் வந்தனீங்கள். உங்களுக்கு இடத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நினைச்சன்."

அம்புலன்ஸ் கதவைச் சாத்தும்வரை நான் அழவில்லை. பிறகு அந்த மஞ்சள் அங்கிப் பெரியவருக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

7

ஆஸ்பத்திரியில் மறுநாள் படிவத்தைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் கையெழுத்து வைத்தேன். கோட்டின் மேல் பேனை ஒரு தரம் நின்றுதான் ஓடியது. அவள் கவனித்துவிட்டாள். அப்போதுதான் சொன்னேன். என் பெரியப்பா மகன் ஒருவர், அண்ணன் முறை, சண்டைக் காலத்தில் ஊரில், ஆமி பிடித்த பக்கத்து வீட்டுப் பொடியன் அன்றிரவு வீட்டில்தான் படுத்தான் என்று ஒரு கடதாசியில் சாட்சிக் கையெழுத்து வைத்தார். அதற்காக அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள், எட்டு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். வந்த பிறகு அந்தக் கையால் பேனை பிடிக்க முடியாது.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நீங்களும்தான் என்னைக் கேக்கேல்லை" என்றாள்.

படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துத் தன் முதுகுப்பைக்குள் வைத்தாள்.

அன்று அவளிடம் எந்தப் பறவையும் வரவில்லை. கொண்டுபோன றோல்ஸைக் கிளையில் கட்டிவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாளாம், ஒரு சிறகடிப்புக்கூட இல்லை. என் கையெழுத்தோடு படிவம் போனது. பழைய அவதானிப்பு, படம் இல்லை, இருந்தாலும் குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. வெட்டுவதை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அந்த வருடம் இந்த டிசம்பரோடு முடிகிறது. கோடையில் அவளும் கூட்டாளிகளும் நாலு தரம் போய்ப் பார்த்தார்கள். இன்னும் அகப்படவில்லை.

வசந்தி ஊரிலிருந்து வந்ததும் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். கேட்கவும் கூடாது, தெரியாமல் இருக்கவும் கூடாது. ஆகவே வெளியே போகிறவர் ஒரு துண்டில் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போக வேண்டும். மதுரா கதவைச் சாத்திய பிறகு நான் போய் எடுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் நோர்வேஜிய மொழியில், சில வேளை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த குண்டு எழுத்தில். இந்த ஏற்பாட்டில் பிள்ளையாருக்கும் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்று காலை இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் பூட்ஸ் கட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்தட்டும் என்று காத்திருந்தேன். சாத்தவில்லை. பொறுக்க முடியாமல் சாமித் தட்டுக்குப் போய்த் துண்டை எடுத்தேன். அதே ஏரியின் பெயர். திரும்பும் நேரம் ஐந்து மணி. அதற்குக் கீழே, எப்போதும் இல்லாத ஒரு வரி: அவதானிப்பவர்கள், இரண்டு பேர்.

வாசலுக்கு வந்தேன். என் பூட்ஸை எடுத்து நாடாவைத் தளர்த்தி அவளுடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முதுகுப்பைக்குள்ளிருந்து மட்டன் றோல்ஸ் வாசம் வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பூட்ஸைப் போட்டேன்.

அப்போது சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. வசந்தி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டு என் கையில்தான் இருந்தது. நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"எங்கை போறீங்கள் ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். "வாயால சொல்லுங்கோ."

மதுரா ஏரியின் பெயரைச் சொன்னாள். பாதையைச் சொன்னாள், பஸ் இல்லை, கார் என்றாள். ஐந்து மணிக்கு வந்துவிடுவோம் என்று நான் சொன்னேன்.